வலது இருக்கை இல்லாத வண்டி

பெர்லெவோக்கில் இன்று காற்று
ஓடுபாதைக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது.
பதினேழு பயணிகள், இரண்டு பை தபால்,
மூன்றாம் வரிசையில்
கல்யாணக் கேக்கை மடியில் தாங்கியபடி ஒருவர்.

ஓடுபாதை தெரிந்தது.
தெரிந்ததுதான் தொந்தரவு.
தெரியாவிட்டால் முடிவு சுலபம்.
மழைக்குள் ஈர நாடாவாய் அது
இடமும் வலமும் நழுவ,
எனக்குள் ஒரு குரல்:
இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

வலது இருக்கையில் எஸ்கில்.
போன வாரம்தான் என் காபியைக் கொட்டிவிட்டு
அரைமணி நேரம் மன்னிப்புக் கேட்டவன்.
ஒரே சொல் சொன்னான்:
"மேலே."

பதினெட்டு ஆண்டு பறந்த கை
அந்தச் சொல்லோடு வழக்காடக் கூடாது.
எந்த விதி யார் போன பிறகு வந்தது என்று
எங்கள் தொழிலில் பெயர் சொல்லித் தெரியும்.
விசைக் கம்பிகளை முன்னே தள்ளினேன்.
மூக்கு எழுந்தது.
கேக்கும் எழுந்திருக்கும்.

பாட்ஸ்ஃபியூரில் இறங்கும்போது
கேக்காரர் என் கதவருகே நின்றார்.
"என் தம்பி இதைவிட மோசமான காற்றில்
படகைக் கரைசேர்ப்பான்."
சிரித்தேன்.
அதற்கும் பயிற்சி உண்டு.

*

இரவு பதினொன்று, வாட்சோ.
யாரோ அணைக்க மறந்த விளக்கைப் போல
கடல்மேல் சூரியன்.
கொட்டகைக்குப் பின்னால் என் பைக்,
என்னைவிட ஆறு வயது இளையது.

விமானத்தை எழுப்புமுன்
டார்ச்சோடு அதைச் சுற்றி வருவேன்.
சக்கரத்தைத் தொடுவேன், இறக்கையின் அடியைப் பார்ப்பேன்,
பட்டியலை வரிவரியாக
வாய்விட்டுப் படிப்போம், இரண்டு பேர்.
பைக்குக்கு ஓர் உதை.
டயரில் காற்றா?
நேற்று இருந்தது.

மேலே குளிர் எனக்கு வெறும் எண்,
கண்ணாடிக்கு வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
இங்கே அது மணிக்கட்டில் நுழைந்து
தோள்வரை ஏறி உட்கார்ந்துகொள்கிறது.
வளைவில் நான் பார்க்கும் பக்கமே
வண்டியும் பார்க்கிறது.
இந்த மரியாதையை
எந்த விமானமும் எனக்குத் தந்ததில்லை.
இதற்காகத்தான் ஓட்டுகிறேன்,
யோஸ்டைனிடம் பெட்ரோல் மிச்சம் என்று சொன்னாலும்.

எக்கெரோய் தாண்டி,
மீன் காயும் மரச்சட்டங்கள் முடியுமிடத்தில்
கலைமான்கள்.
மூன்று கடந்துவிட்டன.
நான்காவது யோசித்தது.
அதே குரல்: இன்னும் கொஞ்சம்.
அது முடிவெடுக்குமுன் நீ போய்விடலாம்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
சொன்னாலும், சாலையில்
மேலே என்று ஒரு பக்கம் கிடையாது.

பிரேக். பின்சக்கரம்
தன் வழியில் போனது.
ஓரத்துச் சரளையில், நடக்கிற வேகத்தில்,
நானும் வண்டியும் மெதுவாகச் சாய்ந்தோம்.
ஒரு கண்ணாடி, ஒரு கையுறை.
தலைக்கு வந்தது ஹெல்மெட்டோடு போயிற்று.
மான் மென்றுகொண்டே என்னைப் பார்த்தது,
பயணிகள் பார்ப்பதைப் போல.

*

யோஸ்டைன் தூங்குகிறான்.
சமையலறை மேசையில்
கம்பெனியின் மஞ்சள் படிவம்.
அதில் உண்மை எழுதியவரை
எங்கள் ஊரில் யாரும் தண்டிப்பதில்லை,
அதனால்தான் எழுதுகிறோம்.

விமானத்தின் வகை: இரண்டு சக்கரம்.
உயரம்: இல்லை.
காரணம்: பதின்மூன்று மணி நேர வேலை.
அடித்துவிட்டு எழுதினேன்: அவசரம்.
அதையும் அடித்துவிட்டு:
நான்காவது மானைக் கணக்கில் சேர்க்கவில்லை.

யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
படமெடுத்து எஸ்கிலுக்கு அனுப்பினேன்.
ஒன்று நாற்பதுக்கு.
அவனும் தூங்கவில்லை போல.
பதில் வந்தது:
"டயரில் காற்று பார்த்தீர்களா?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.
பின் டயரில் கால்வாசி குறைவு.
முன்னதை இன்னும் பார்க்கவில்லை.